வீட்டு விஷயத்தை ஏன் எழுதினார்கள்?

(நாகர்கோவிலில் வாசகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

எழுத ஆசைப்படும் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எழுதணும்னு ஆசையாத்தான் இருக்கு சார். ஆனா எழுதினா எங்க வீட்டுக் கதையாத்தான் வரும். அம்மைக்கு மனசு கஷ்டப்படாதா? ஊர்ல என்ன பேசுவாங்க?" இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு பதில் சொல்லப்படுகிறது. எழுதினால் மனப்பாரம் இறங்கும், உள்ளே கிடந்து உறுத்துவது வெளியே வந்துவிடும், அதற்காகவாவது எழுது என்று. அந்தப் பதிலை நான் சொல்வதில்லை. மனப்பாரம் இறங்க நல்ல தோழி ஒருத்தி போதும். கோயிலோ தேவாலயமோ தர்காவோ போதும். அதற்கு நாவல் எழுத வேண்டியதில்லை. பல வருஷம் ஒரே காயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் எழுதினார்கள்? அதைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இந்தச் சின்ன இடத்துக்குள் தன் வீட்டையும் தன் தெருவையும் தன் சாதிக்குள் நடந்ததையும் எழுதிய நூல்கள் எத்தனை! ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' 1977. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988. சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' 1998. பிறகு மலர்வதியின் 'தூப்புக்காரி'. இவற்றுக்கு நடுவே, இவற்றில் எதோடும் சேர்க்க முடியாமல் தனியாக நிற்கும் 'கவலை'. அதைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்தேன். ஆனால் அதற்குப் போகும் பாதை கொஞ்சம் சுற்று.

முதலில் தேரூருக்குப் போவோம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். குழந்தைப் பாடல்களின் கவிஞராகவே நமக்கு அவரைப் பள்ளிக்கூடத்தில் அறிமுகப்படுத்துகிறார்கள். அவர் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1910களின் பிற்பகுதியில் 'தமிழன்' இதழில் வெளிவந்து, நூலாக 1942இல் வந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் மருமக்கள் வழி என்பது அன்றைய சொத்து முறை. ஒருவர் சம்பாதித்ததும் ஆண்டு அனுபவித்ததும் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. அக்காள் தங்கைகளின் பிள்ளைகளுக்குப் போகும். கட்டிய மனைவிக்கும் பெற்ற மக்களுக்கும் உகந்துடைமை என்ற பெயரில் சிறு பங்கு. அதற்கும் வழக்கு, நீதிமன்றம், வக்கீல் செலவு. குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் அதுவரை அந்த வீட்டில் பொங்கிப் போட்டவள் பிள்ளைகளோடு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இதை எதிர்த்து அன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள், மனு எழுதினார்கள். கவிமணி வேறு காரியம் செய்தார். பல மனைவியரைக் கட்டிய ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவியைப் பேச விட்டார். நூல் முழுக்க அவள்தான் சொல்கிறாள். சக்களத்திகளோடு பட்டது, மாமியார் செய்தது, பிள்ளைகளுக்குச் சோறு போடப் பட்ட பாடு, கணவன் போன பிறகு மருமகன் வந்து நின்ற நிலை, எல்லாம் அவள் வாயால். தமிழ் இலக்கணமும் கல்வெட்டும் கற்ற ஓர் ஆண், தன் சமூகத்து வீடுகளின் அடுக்களையில் காதுகொடுத்துக் கேட்டுத்தான் இதை எழுதியிருக்க முடியும். நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் 1926இல் வந்து முறை மாறியது. சட்டம் வந்ததற்குப் பல காரணங்கள், பலருடைய உழைப்பு. அவற்றுள் இந்த நூலுக்கும் இடம் உண்டு என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எனக்கு முக்கியம் வேறு. சட்டம் வந்து நூறு ஆண்டு ஆகிறது. அந்த முறை போய்விட்டது. உகந்துடைமை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் பேச்சு மட்டும் இன்னும் சூடாக இருக்கிறது. மனுக்கள் எல்லாம் ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன.

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. நம் ஊரில் தன் வீட்டைப் பற்றி எழுதியவர்கள் தன்னைப் பற்றி எழுதியவர்கள் அல்ல. அந்த வீட்டில் யாருடைய பேச்சுக்கு மதிப்பில்லாமல் இருந்ததோ, அவருக்காக எழுதினார்கள். அந்தரங்கத்தை எழுதுவது என்றால் கண்ணாடி முன் நிற்பது என்று நினைக்கிறோம். இவர்கள் நின்ற இடம் அடுக்களை வாசல்.

'புத்தம் வீடு' படித்தவர்களுக்கு லிஸியைத் தெரியும். பனைவிளை என்ற ஊர். பழைய பெருமையுள்ள கிறிஸ்தவ நாடார் குடும்பம். கண்ணப்பச்சி என்ற தாத்தா, குடிகார அப்பன், சித்தப்பன் குடும்பம். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த லிஸி பெரிய பெண் ஆனதும் படிப்பு நிற்கிறது. அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் என்பது வீட்டின் சுவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். பனையேறி அன்பையனின் மகன் தங்கராஜின் மேல் அவள் வைக்கும் அன்பு வாய் திறந்து சொல்ல இடமில்லாத அன்பு. அந்த நாவலில் லிஸி பேசுவது குறைவு. அவள் மௌனத்தை எழுதுவதற்காகத்தான் ஹெப்சிபா அந்த நாவலையே எழுதினார் என்று தோன்றும். அவர் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். தன் கணவர் சி. ஜேசுதாசனோடு சேர்ந்து ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர். நினைத்திருந்தால் அந்த மொழியிலேயே பெயர் வாங்கியிருக்கலாம். நாவல் என்று வந்தபோது பனையடியிலும் அக்கானிப் பானையடியிலும் புழங்கும் பேச்சுக்குத் திரும்பினார். லிஸிக்கு வேறு மொழி தெரியாதே!

'தலைமுறைகள்' நாவலில் இன்னும் நேரடியாக இருக்கிறது. இரணியல் செட்டிமார் தெரு. திரவி என்ற தம்பி. கணவன் வீட்டார் குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்ட அக்காள் நாகம்மை. குறை அவளிடம் இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் மெல்லத் தெரியவருகிறது. தெரிந்தும் யாரும் வாய் திறப்பதில்லை. மானம், சம்பிரதாயம், ஊர், சொந்தம். அக்காவுக்கு மறுமணம் செய்துவைக்க வேண்டும் என்று தம்பி எழுந்து நிற்கிறான். அதன் விலை என்ன என்பதை நாவலில் படித்துக்கொள்ளுங்கள். அந்த நாவலில் கதையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, திரவி சிறுவனாக இருந்து வளரும் காலம் முழுக்க வீட்டுப் பெண்களின் பேச்சை ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்பது. உண்ணாமலை ஆச்சி சொல்லும் கதைகள், திட்டுகள், சடங்கு முறைகள். அவன் கேட்டான் என்பதால்தான் அவனால் நிற்க முடிகிறது.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இவர்களில் அநேகர் எழுதும்போது ஊரில் இல்லை. ஹெப்சிபாவும் நீல பத்மநாபனும் திருவனந்தபுரத்தில். வீரநாராயணமங்கலத்துக்காரரான நாஞ்சில் நாடன் 'தலைகீழ் விகிதங்கள்' எழுதியது பம்பாயில் பிழைக்கப் போயிருந்தபோது. தேங்காய்ப்பட்டணத்து மீரான் திருநெல்வேலியில் வத்தல் வியாபாரம் செய்தவர். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில்தான் இருந்தார். ஆனால் தன் பால்யத்தை எழுதிய நாவலில் அவர் போய்ச் சேர்ந்த இடம் 1930களின் இறுதியில் இருந்த கோட்டயம். தூரம் போனால் ஏக்கம் வரும், ஏக்கத்தில் எழுதுவார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது எளிது. அது பாதிதான். தூரத்தில் இருப்பவருக்குத் தன்னைச் சுற்றி அந்தப் பேச்சு கேட்பதில்லை. கேட்காதபோதுதான் அது நினைவில் தனியாக ஒலிக்கத் தொடங்குகிறது. அத்தோடு, நாம் தப்பித்து வந்துவிட்டோம், அவள் அங்கேயே இருக்கிறாள் என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது. படித்து வேலை வாங்கி ஊரை விட்டுப் போன ஒவ்வொருவருக்கும் இது தெரியும். இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேருக்காவது தெரியும்.

நாஞ்சில் நாடனிடம் அந்த உறுத்தல் பசியாக இருக்கிறது. அவருடைய முதல் சிறுகதை 'விரதம்', 1975இல் 'தீபம்' இதழில் வந்தது. விரத நாளில் ஒரு பெரியவர் கட்டிக்கொடுத்த இரண்டு மகள்கள் வீட்டுக்கும் போகிறார். அங்கே சாப்பிட்டிருப்பார் என்று இவளும், இங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பார் என்று அவளும் நினைத்துக்கொள்கிறார்கள். அவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பசியோடு வீடு திரும்புகிறார். இரண்டு மகள்களும் பாசக்காரர்கள். ஒருத்தியும் கெட்டவள் இல்லை. கேட்க வாய் வராத ஒரு மனிதர், அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு நாஞ்சில் நாடன் எழுதிய எத்தனையோ பக்கங்களில் சோறும் பந்தியும் கறியும் வந்துகொண்டே இருக்கின்றன. வட்டார ருசி என்று சிலர் அதைப் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பந்தியில் எழுப்பிவிடப்பட்டவனுக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கூச்சப்பட்டவனுக்கும் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. 2010ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது 'சூடிய பூ சூடற்க' தொகுப்புக்காக அவருக்குக் கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்குள் அந்தப் பெரியவரும் இருந்திருக்க வேண்டும்.

மீரானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். படித்தது மலையாளத்தில். இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு முன் பள்ளி போனவர்களில் பலருடைய நிலை அது. சுந்தர ராமசாமியும் பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். முறையாகத் தமிழ் படிக்காத இந்த இருவருடைய கையிலும் தமிழ் உரைநடை எவ்வளவு உயிர் பெற்றது என்று பாருங்கள். பள்ளிக்கூடத் தமிழ் அவர்களுக்கும் வீட்டுப் பேச்சுக்கும் நடுவே வந்து உட்காரவில்லை. மீரானுக்கு உம்மாவும் வாப்பாவும் தெருவும் பேசிய தமிழ்தான் தமிழ். மலையாளமும் அரபியும் கலந்த அந்தப் பேச்சு அச்சில் அதுவரை வராத ஒன்று.

'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. வடக்கு வீட்டில் அஹமதுக்கண்ணு முதலாளி ஊரையே ஆட்டிவைக்கிறார். சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது மட்டும் பணிய மறுக்கிறான். ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை முதலாளியும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்க்கிறார்கள். 'தங்கள்' என்ற மதப் பெரியவர் பட்டத்தோடு வந்து உட்காருபவரை ஊர் நம்புகிறது. தன் சமூகத்துக்குள் இருக்கும் சுரண்டலை, தன் சமூகத்தார் படிக்கும் இதழிலேயே எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வெளியாருக்கு எங்களைக் காட்டிக்கொடுக்கிறாயே என்ற பேச்சு எப்போதும் தயாராக இருக்கும். சின்னச் சமூகங்களில் பிறந்து எழுதும் எல்லோருக்கும் அது காத்திருக்கிறது. நம் மாவட்டத்துக்கு வெளியே, பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அவருடைய ஊராரே கோபப்பட்டார்கள்; சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் அதே ஊர் அந்த நூலைத் தன் நூலாக எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் எனக்கு ஓர் உரைகல் உண்டு. ஒருவர் தன் வீட்டுக் கதையை எழுதினால், அதில் கொடுமை செய்தவரை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். பழிதீர்க்க எழுதப்பட்ட நூலில் கொடுமைக்காரருக்கு மூச்சு விட இடம் இருக்காது. மீரானின் முதலாளியைப் பாருங்கள். சொத்துக் கரைந்து பெருமை குலைந்து அந்த மனிதர் சிதறிப்போகும் பக்கங்களைப் படிக்கையில் நமக்கே தொண்டை அடைக்கும். உண்ணாமலை ஆச்சி பழைய முறைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவள்தான். நாகம்மையைக் கட்டிய கயிற்றில் அவள் முறுக்கிய இழையும் உண்டு. ஆனால் அவள் போனபோது திரவியோடு நாமும் அழுகிறோம். கண்ணப்பச்சியும் அப்படித்தான். லிஸியை வீட்டுக்குள் வைத்த அதே தாத்தாவின் பாசமும் உண்மை. இந்த எழுத்தாளர்களுக்குக் கோபம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தது. கோபத்தோடு உட்கார்ந்தவர்கள், எழுத எழுத, அந்த வீட்டில் எல்லோருமே ஏதோ ஒன்றில் சிக்கியிருந்தார்கள் என்று கண்டார்கள். அதைக் காண்பதற்குத்தான் நாவல் அளவு நீளம் தேவைப்படுகிறது.

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' பற்றிச் சுருக்கமாக ஒன்று. அவர் 1931இல் பிறந்தவர். நாவல் வெளிவந்தபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்தாயிற்று, 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தாயிற்று, பெயரும் புகழும் வந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் நோயில் படுத்த குழந்தை, உடம்புக்கு முடியாத அம்மா, அன்பைக் கண்டிப்பாக மட்டுமே காட்டத் தெரிந்த அப்பா என்று அவர் பால்யத்துக்குத் திரும்ப முடிந்தது. தலைப்பில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். குழந்தைகள் முதலில், பெண்கள் பிறகு, ஆண்கள் கடைசியில். வீட்டில் யாருக்குப் பேச்சுரிமை குறைவோ அவர்களுக்கு முதல் இடம். அப்பா எஸ்.ஆர்.எஸ். மேல் சிறுவன் பாலுவுக்கு இருக்கும் பயத்தை எழுதியவர், அந்த அப்பாவின் தனிமையையும் எழுதினார். அவசரப்பட்டு முப்பது வயதில் எழுதியிருந்தால் இரண்டாவது வந்திருக்காது. எழுத நினைக்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லத் தோன்றுகிறது: இப்போது எழுத முடியாவிட்டால் பரவாயில்லை, கேட்டதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேச்சுக்கு மதிப்பில்லாதவருக்காக எழுதுவதை வெளி உலகத்திலும் காணலாம். 2022இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோவின் பெற்றோர் நார்மண்டியில் ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடையும் காப்பிக் கடையும் நடத்தியவர்கள். மகள் படித்தாள், ஆசிரியை ஆனாள், பேச்சு மாறியது, பழக்கம் மாறியது. அப்பாவின் மறைவுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அம்மாவுக்குப் பிறகு இன்னொன்று. அலங்காரம் எதுவும் இல்லாமல், அப்பா படித்தாலும் புரியக்கூடிய மொழியில் எழுதினார். படித்த மொழியைக் கொண்டு அவர்களைக் கீழே வைத்துவிடக் கூடாது என்ற கவனம் அது. அவர் நூல்களைப் படிக்கும்போது எனக்கு நார்மண்டி தெரிவதில்லை. வடசேரியும் தக்கலையும் குளச்சலும்தான் தெரிகின்றன.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் வேறொருவருக்காக எழுதியவர்கள். படித்தவர்கள், வெளியே போனவர்கள், எழுதும் வசதி வாய்த்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இருந்த அவள் தானே எழுதினால் என்ன ஆகும்?

அழகிய நாயகி அம்மாள் எழுதினார். 'கவலை' என்று பெயர். மணிக்கட்டிப் பொட்டலில் வாழ்ந்த அவரை எழுத்தாளர் பொன்னீலனின் அம்மா என்று சொன்னால் பலருக்குத் தெரியும். நான் திருப்பிச் சொல்லவே விரும்புகிறேன்: 'புதிய தரிசனங்கள்' நாவலுக்காக 1994ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பொன்னீலன், 'கவலை' எழுதிய அழகிய நாயகி அம்மாளின் மகன். அம்மாளுக்குப் பெரிய படிப்பு இல்லை. இலக்கியக் கூட்டம் தெரியாது. அவர் எழுதியதைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1990களின் இறுதியில் நூலாக்கியது. இலக்கியப் பதிப்பகம் அல்லாமல் வழக்காறுகளை ஆராயும் ஒரு மையத்தின் வழியாக அந்த நூல் முதலில் நம் கைக்கு வந்தது என்பதையே நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்க்கையை எழுதினால் அதை ஆய்வுக்கான தரவாகப் பார்க்கத்தான் நமக்கு முதலில் தோன்றுகிறது. அந்த மையம் செய்தது பெரும் தொண்டு, சந்தேகமே இல்லை. அதை நாவலோடும் கவிதையோடும் சேர்த்து வைத்துப் படிக்கும் பொறுப்பு நமக்கு. அதை நாம் தாமதமாகத்தான் செய்தோம்.

அந்த நூலைப் படிக்கும்போது முதலில் திகைப்பு வரும். நான், என் மனம், என் வேதனை என்று தொடங்கும் தன்வரலாறுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது பிடிபடாது. இவர் தான் பிறப்பதற்கு முந்தைய தலைமுறைகளின் கதையையும் சொல்கிறார். யார் யாரை எங்கே கட்டிக்கொடுத்தார்கள், எந்த நிலம் யார் கைக்குப் போயிற்று, எந்தச் சண்டை எதில் தொடங்கியது. நடுவே பழமொழி, பாட்டு, கதை, நோய், மருந்து, பேய், தெய்வம். தான் பட்ட துன்பத்துக்கு வரும்போதும் குரல் உயர்வதில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கருப்பட்டி இடித்துக்கொண்டே சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார். இவ்வளவையும் இவர் எங்கே வைத்திருந்தார் என்று நமக்குத் தோன்றும்.

நாவலாசிரியர்கள் தூரத்திலிருந்து நினைவுகூர்ந்து, தேர்ந்தெடுத்து, கோத்து எழுதினார்கள். ஒரு லிஸியை எடுத்து, அவளைச் சுற்றி ஒரு கதையைக் கட்டினார்கள். அழகிய நாயகி அம்மாளுக்கு எதையும் விட மனமில்லை. விட்டால் அது போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஒரு குடும்பத்தில் பெண்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்குகள் உண்டு. எந்தக் குழந்தை எந்த மாதம் போயிற்று, எந்த நகை எந்தக் கடனுக்குப் போயிற்று, யார் யாரிடம் எத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்கள். பத்திரத்தில் வராதவை, பட்டயத்தில் வராதவை. ஆண்கள் சொத்துக்கணக்கை எழுதிவைத்தார்கள். இந்தக் கணக்கை எழுதிவைக்க யாரும் இல்லை. அம்மாள் எழுதிவைத்தார். நூலின் பெயரைப் பாருங்கள். ஒரு வாழ்நாள் முழுவதற்கும் அந்த ஒரு சொல்லைத் தலைப்பாக வைக்க எவ்வளவு தெளிவு வேண்டும்! தன்னிரக்கம் அதில் எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு தெரிகிறது. இப்படித்தான் இருந்தது, நான் பார்த்தேன், எழுதிவிட்டேன் என்கிற தீர்ப்பு.

இதற்குப் பிறகு வந்த மலர்வதியை இந்த வரிசையில் வைத்துத்தான் நான் படிக்கிறேன். அவருடைய 'தூப்புக்காரி' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. கனகம் என்ற தூப்புக்காரி, அதாவது துப்புரவுத் தொழிலாளி, அவள் மகள் பூவரசி. தன் தாயும் கூட்டிப்பெருக்கும் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் என்று மலர்வதி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தாயின் தொழிலை மறைக்கச் சொல்லித்தான் படிப்பு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது கை தயங்குவதை நான் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். மலர்வதி அதையே புத்தகத்தின் அட்டையில் எழுதினார். இங்கே மகளும் வெளியே போகவில்லை. பம்பாய் இல்லை, திருவனந்தபுரம் இல்லை. அதே ஊரில் இருந்துகொண்டு எழுதினார். ஊர் பேசும் என்ற பயத்துக்கு நடுவே நின்று எழுதிய நூல்.

இப்போது அந்தப் பெண் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அம்மைக்கு மனசு கஷ்டப்படாதா? படும். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எழுதப்பட்டவர்களின் அனுமதி இல்லாமல் எழுதப்பட்ட நூல்கள் உலகத்தில் ஏராளம். அவற்றால் உறவு முறிந்த வீடுகளும் உண்டு. பெயரை மாற்று, ஊரை மாற்று என்று யோசனை சொல்வார்கள். நம் ஊரில் அது பயன்படாது. ஒரு பழமொழியை வைத்தே எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். அம்மை பட்டதை எழுதப் போகிறாயா, அம்மையால் நீ பட்டதை எழுதப் போகிறாயா? இரண்டும் எழுதத் தகுந்தவைதான். ஆனால் இரண்டாவதை எழுத வேண்டுமானால் முதலாவது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. கேட்கத் தொடங்கினால் பல வீடுகளில் வேறொன்று நடக்கிறது. எழுதாதே என்று சொல்லுவாள் என்று பயந்த அம்மை, "இதையும் எழுதிக்கோ மக்களே" என்று சொல்லத் தொடங்குகிறாள். எங்கள் மாணவிகள் சிலருக்கு இது நடந்திருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த நோட்டுகளை நான் படித்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்தில் பெண்களுக்கும் எழுத்தறிவு வெகு முன்பே வந்தது. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் மிஷன் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெண் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தன. ஆகவே எழுதத் தெரிந்த பாட்டிகள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எழுதியவை இருக்கும். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், வேதப்புத்தகத்தின் ஓரத்தில், சிலோனிலும் மலேயாவிலும் இருந்த மகனுக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தில், பாட்டு எழுதிவைத்த காகிதத்தில். வீடு இடித்துக் கட்டும்போது இவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் தூக்கிப்போடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால், கையெழுத்து புரியாவிட்டால், எங்களிடம் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறவர்கள் வந்து சொல்லுங்கள்.